நாய்ப்பட்டை

மே மாதம் வந்துவிட்டால் அந்த மலைக்காட்டில் மனிதனின் கணுக்கால் மனிதனுக்குச் சொந்தமில்லை. உண்ணி குடியேறிவிடும். புல்நுனியில் முன்னங்கால்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எது உரசிப்போனாலும் தொற்றிக்கொள்ளும். மான், மாடு, மரம்வெட்டி என்று அதற்குப் பேதம் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் அக்குளில், தொடையிடுக்கில், காதுக்குப் பின்னால் என்று கொண்டைக்கடலை மாதிரி உப்பிக்கிடக்கும்.

அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் தெற்கு மலைகளில் விஸ்கிப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக் மரம் வெட்டும் க்ளைட் ராலின்ஸின் ஆட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். உண்ணிக் காலம் தொடங்கும் முதல் திங்கட்கிழமை காலை, க்ளைட் தன் லாரியின் பின்கதவை இறக்கி ஓர் அட்டைப்பெட்டியைப் பிரிப்பான். உள்ளே நாய்க் கழுத்துக்குப் போடுகிற, உண்ணியைக் கொல்லும் மருந்தேற்றிய பட்டைகள். ஆளுக்கு இரண்டு, காலுக்கு ஒன்று. பூட்ஸின் மேல் சுற்றிக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார்கள்.

"வரிசையில நில்லுங்கடா நாய்ங்களா," என்பான் க்ளைட்.

வாங்குகிறவன் குரைக்க வேண்டும். அது வழக்கம். குரைக்காமல் கைநீட்டினால் அன்று முழுக்க ஏச்சு வாங்க வேண்டியிருக்கும். டோயல் என்பவன்தான் அதில் கெட்டிக்காரன். நாலு காலில் நின்று, பின்னங்காலைத் தூக்கி லாரிச் சக்கரத்தில் மூத்திரம் போவது போலச் செய்துவிட்டுத்தான் வாங்குவான்.

அந்த வருஷம், எண்பத்தேழில், பெட்டி வேறாக இருந்தது. வழக்கமாகத் தீவனக்கடையில் வாங்குவான் க்ளைட். இந்தமுறை எங்கோ மூடிப்போன கடையின் சரக்கை மலிவாக அள்ளிக்கொண்டு வந்திருந்தான். பெட்டியின் மேல் ஒரு சிறுமி மடியில் நாய்க்குட்டியை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். குட்டிகளுக்கும் பாதிப்பில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே என்ன மருந்து என்று எங்கும் போடவில்லை. போட்டிருந்தாலும் அந்தக் கூட்டத்தில் யாரும் படித்திருக்கப்போவதில்லை. பட்டைகள் நல்ல நீலம். தொட்டால் விரலில் வெள்ளையாக மாவு ஒட்டியது.

"பாத்தியா, மருந்து எவ்வளவு தாராளமாப் போட்டிருக்கான்," என்றான் க்ளைட் பெருமையாக.

டெல்மர் கோட்ஸ் இரண்டு முறை குரைத்து மூன்றாவதாக ஒன்றும் வாங்கிக்கொண்டான்.

"அது எதுக்குடா? அதுக்குமா கட்டப்போற?" என்று டோயல் அவன் இடுப்புக்குக் கீழே கையைக் காட்டினான்.

"தொப்பிக்கு."

"பயந்தாங்கொள்ளிப் பய."

உண்மைதான். டெல்மருக்கு உண்ணி என்றால் ஈரக்குலை நடுங்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கடி வாங்கிக் காய்ச்சல் தலைக்கேறி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையையும் காலையும் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். அதிலிருந்து அவன் மற்றவர்களைப் போலப் பூட்ஸுக்கு மேல் கட்டுவதில்லை. காலுறைக்குள்ளே, தோலோடு தோலாக இறுக்கிக் கட்டுவான். மற்றவர்கள் வேலை முடிந்ததும் அவிழ்த்து லாரிக்குள் எறிவார்கள். இவன் வீட்டிலும் போட்டுக்கொண்டிருப்பான். வாசலில் இறங்கினாலே முழங்கால் உயரப் புல். பல நாள் அதோடுதான் தூங்கினான். ஆளும் குள்ளம்; எலும்பும் தோலுமாக இருப்பான்.

பத்து நாள் போனது. முதலில் வியர்வை. மற்றவர்கள் சட்டை நனைவதற்குள் இவன் பூட்ஸுக்குள் தண்ணீர் நின்றது. அப்புறம் வாயில் எச்சில் ஊறியது. துப்பித் துப்பி மாளவில்லை. கண் முன்னால் மரப்பட்டை கலங்கலாகத் தெரிந்தது. ஒருநாள் மத்தியானம் மோட்டார் ரம்பத்தை ஓட விட்டு ஓக் மரத்தில் வைத்தான். கை தானாகத் துடித்தது. ரம்பம் எகிறி, பக்கத்தில் ஆப்பு அடித்துக்கொண்டிருந்த டோயலின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது.

க்ளைட் ஓடிவந்து ரம்பத்தை அணைத்தான். டெல்மரின் தாடையைப் பிடித்துத் தூக்கி, வாயில் மூக்கை வைத்து மோந்தான்.

"புகையிலைய அதக்கிக்கிட்டாக் குடிச்சது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"சத்தியமா நான் குடிக்கல, க்ளைட்."

"எச்சி ஒழுகுது. கால் நிக்கல. எங்கப்பன் இருபது வருஷம் இப்பிடித்தாண்டா நின்னான் என் முன்னால. தெளிஞ்சா வா, இல்லன்னா வராத."

டெல்மர் கால்சட்டைப் பையைத் தடவினான். அதில் ஒரு பித்தளை நாணயம் கிடந்தது. குடியை விட்டவர்கள் தேவாலயத்தின் கீழறையில் கூடுவார்களே, அங்கே ஒரு வருஷம் தாண்டினால் கொடுப்பது. அவன் குடியை விட்டுப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. எடுத்துக் காட்டலாமா என்று நினைத்தான். க்ளைட் அதற்குள் திரும்பி நடந்துவிட்டான்.

வீட்டில் மனைவி ஒலெட்டாவுக்குச் செய்தி அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிறவள். காலையில் இருட்டோடு போனால் மூன்று மணிக்கு வருவாள். கை எப்போதும் வெந்தது போலச் சிவந்திருக்கும். பிள்ளை இல்லை. பென்னி என்றொரு பீகிள் நாய் இருந்தது. காது தரையைத் தொட, வயிறு சரிந்துபோன கிழவி. டெல்மர் குடித்துக் கிடந்த வருஷங்களில் ஒலெட்டாவின் கட்டிலில் அவனுடைய இடத்தில் படுத்தது அந்த நாய்தான். அவன் திருந்திய பிறகும் அது இறங்கவில்லை. மூன்று பேரும் நெருக்கிப் படுத்தார்கள்.

அவன் கதவைத் திறந்தபோது ஒலெட்டா சமையலறைத் தரையில் மண்டிபோட்டு, வெந்நீர்க் கொதிகலனுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அங்கேதான் முன்பு போத்தல் இருக்கும். பழைய பூட்ஸ், மாவுப் பானை, காரின் பின்சீட்டு எல்லாம் ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்தன.

"ஒண்ணும் கெடைக்காது ஒலெட்டா. இருந்தாத்தானே கெடைக்கும்?"

"இப்ப ஒளிச்சு வைக்க நல்லாவே கத்துக்கிட்ட."

"எங்கம்மா கல்லறை மேல சத்தியம்."

"போன தடவ அந்தச் சத்தியத்தப் பண்ணப்ப உங்கம்மா உசுரோட இருந்தா."

அவன் சிரிக்கப் பார்த்தான். வாயோரத்தில் எச்சில் வழிந்தது. அவள் அதைப் பார்த்தாள். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"நாணயம் வாங்குன அன்னிக்கு உங்கிட்ட என்ன சொன்னேன்?"

"இன்னொரு தடவ நடந்தா..."

"நடந்துருச்சு. எங்கண்ணன் சனிக்கிழம வண்டியோட வர்றான். பென்னியக் கூட்டிக்கிட்டுப் போறேன். வீட்ட நீயே வச்சுக்க."

அடுத்த இரண்டு நாள் அவன் வீட்டில் கிடந்தான். அவள் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுத் தட்டோடு வேறு அறைக்குப் போனாள். பட்டைகள் காலில்தான் இருந்தன. வயிறு கலங்கிக் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் அலைந்தான். குடித்தபோதுகூட இவ்வளவு மோசமாக இருந்ததில்லை. குடிக்காமலே இப்படி ஆகுமென்றால் குடித்தே தொலைத்திருக்கலாம் என்று ஒருதரம் தோன்றியது.

புதன்கிழமை டோயல் வந்தான். டெல்மர் காட்டில் விட்டுவந்த சோற்றுப்பெட்டியைக் கொடுத்துவிட்டு லாரியின் பின்கதவில் உட்கார்ந்து ஒரு பீரை உடைத்தான். இன்னொன்றை நீட்டினான். டெல்மர் வேண்டாமென்று தலையாட்டியதும் சிரித்தான்.

"வீட்டுல வேஷமா? சரி சரி. நம்ம ராஞ்சோட சேதி கேட்டியா?"

ராஞ்சு டோயலின் வேட்டைநாய்.

"என்னாச்சு?"

"எம்பட்டையக் கழட்டி அது கழுத்துல ஒண்ணு, வயித்துல ஒண்ணு கட்டிவிட்டேன். உண்ணி அரிச்சு எடுத்துருச்சு பாவம். மறுநா காலைல பாக்குறேன், அப்பிடியே நீ நின்ன மாதிரி நிக்குது! வாயெல்லாம் நொரை. பக்கவாட்டுல நடக்குது. எம்பொண்டாட்டி என்னைய ஏசுறா, நாய்க்குமாடா ஊத்திவிட்டன்னு." அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். "டெல்மருக்குப் போட்டியா ஒருத்தன் வந்துட்டான்னு க்ளைட்டுகிட்டச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான்."

"இப்ப எப்படியிருக்கு?"

"செத்துப்போச்சு. பொதச்சுட்டேன்." பீரை ஒரு மடக்குக் குடித்தான். "வயசான நாய்தான்."

டெல்மர் லாரியின் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். காலுறையை உருட்டி இறக்கினான். நீலப்பட்டைக்குக் கீழே தோல் வளையமாகச் சிவந்து, கொப்பளித்து, ஊன்நீர் கசிந்துகொண்டிருந்தது.

"டோயல், க்ளைட் இதத் தூக்கிப் போட்டுட்டானா?"

"பைத்தியமாடா நீ? ஆகஸ்ட் வரைக்கும் உண்ணி இருக்கு. பெட்டி முக்காவாசி அப்பிடியே கெடக்கு. நாங்கதான் பூட்ஸுக்கு மேல கட்டுறோமே. உன்னைய மாதிரிப் பொண்டாட்டியக் கட்டுன மாதிரியா கட்டுறோம்?"

டெல்மர் பட்டைகளை அவிழ்த்தான். தொப்பியில் இருந்ததையும் உருவினான். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினான். காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். மூன்று பட்டைகளையும் ஒரு காலி டப்பாவில் போட்டுக் கொட்டகையில் வைத்தான். வியாழக்கிழமை விடிந்தபோது வாய் காய்ந்திருந்தது. கைவிரலை நீட்டிப் பார்த்தான், ஆடவில்லை. எழுந்து நின்றால் தரை நின்ற இடத்தில் நின்றது. அவனுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அன்று மூன்று மணிக்கு அவள் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். காலைக் காட்டினான்.

ஒலெட்டா கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"முந்தி பல்லுவலி மருந்து. அதுக்கு முந்தி இருமல் மருந்து. இப்ப நாய்ப்பட்ட."

"டோயலோட நாய் செத்துப்போச்சு!"

"டோயலா? நீ சாராயக்கடைல கெடந்தப்ப பிரார்த்தனைல இருக்கான்னு எங்கிட்டச் சொன்ன டோயலா?"

"வா, இப்பவே ஷெரீஃப் ஆபீசுக்குப் போவோம். ஊதிக் காட்டுறேன். ஒரு சொட்டு இருந்தா நானே ஜெயிலுக்குப் போறேன்."

"இன்னிக்கு நீ குடிக்கலன்னு எனக்கே தெரியுது. திங்கக்கிழம குடிச்சதுக்கு இன்னிக்கு ஊதுனா என்ன தெரியும்?" அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். "கால்ல உண்ணி கடிச்சிருக்கும். மருந்து போடு."

பென்னி அவள் காலைச் சுற்றி வந்து வாலை ஆட்டியது. அவள் அதை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி அதன் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவனை அவள் அப்படித் தொட்டு நாளாகிவிட்டது.

அன்று இரவு அவன் தூங்கவில்லை. வழி ஒன்றுதான் இருந்தது. அவள் கண்ணால் பார்க்க வேண்டும். பட்டையைத் திரும்பவும் காலில் கட்டிக்கொள்ளலாம். அவள் வரும்போது எச்சில் ஒழுக நிற்கலாம். நேரே ஷெரீஃபிடம் போய் ஊதலாம். அது நேர்வழி. யோசிக்கும்போதே எல்லாம் திரும்பி வந்தது. அந்த நடுக்கம், அந்தக் கலங்கல், செத்துப்போன ராஞ்சு. நாலு நாளில் எலும்பெல்லாம் கழன்று திரும்பப் பூட்டியது போலிருந்தது அவனுக்கு. இன்னொரு தரம் தாங்க மாட்டேன் என்று தனக்குத்தானே சொன்னான். அப்புறம் இன்னொன்றும் சொன்னான்: நான் தள்ளாடினால் குடித்தேன் என்பாள். நாய் குடிக்காது. நாய் பொய் சொல்லாது.

அதை நினைத்ததும் தூக்கம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒலெட்டா வேலைக்குப் போனதும் டப்பாவை எடுத்து வந்தான். பட்டையைக் கண்டதும் பென்னிக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்தில் பட்டை போட்டால் காரில் போகலாம் என்பது அதன் கணக்கு. தானாகக் கழுத்தை நீட்டியது. அவன் ஒன்றைக் கட்டினான். இரண்டாவதையும் கட்டினான். அது கதவுக்கு ஓடி அவனைத் திரும்பிப் பார்த்தது.

"கொஞ்ச நேரந்தான். அம்மா வரட்டும்," என்றான்.

பத்து மணி வரை ஒன்றும் ஆகவில்லை. நாய் வெயில் விழுந்த இடத்தில் படுத்துக் குறட்டை விட்டது. அவனுக்கு எரிச்சலாக வந்தது. ஒருவேளை மருந்து தீர்ந்துபோயிருக்குமோ? அப்புறம் தன் பூட்ஸுக்குள் நின்ற வியர்வை நினைவுக்கு வந்தது. ஈரம் பட்டால்தான் இது இறங்கும் போல. ஒரு துணியை நனைத்து, பட்டைகளுக்குக் கீழே நாயின் ரோமத்தை ஒதுக்கித் தோல் நனையத் தடவினான். தொப்பியில் இருந்த மூன்றாவதை அதன் சரிந்த வயிற்றில் சுற்றினான். பென்னி அவன் கையை நக்கியது. அப்படியே பட்டையையும் நக்கியது. அவன் தடுக்கவில்லை.

மத்தியானத்துக்கு முன்னாலேயே அதன் தாடையிலிருந்து நூல் நூலாக எச்சில் இறங்கியது.

டெல்மருக்குச் சந்தோஷம் பொங்கியது. "அதான், அதான்," என்று சத்தமாகவே சொன்னான். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். நாய் எழுந்தது. பின்னங்கால் ஒருபக்கமாகச் சரிந்தது. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேடிப் போய் அதற்குள் விழுந்தது. அவன் அதைத் தூக்கி விரிப்பில் விட்டான். அதன் கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது. கண்ணாடியில் தன் கண்ணை அப்படித்தான் பார்த்திருந்தான்.

இரண்டு மணிக்குத் தோள்சதை தனித்தனியாகத் துடிக்கத் தொடங்கியது. தோலுக்கடியில் எலி ஓடுவது போல. மலம் தானாகப் போனது. அவன் துடைத்தான். இன்னும் ஒரு மணி நேரம். இப்போது அவிழ்த்தால் வியாழக்கிழமை அவன் தெளிந்ததைப் போல இதுவும் தெளிந்துவிடும்; அவள் வரும்போது கிழட்டு நாய் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். மூன்று ஆனதும் ஜன்னலுக்குப் போனான். கார் வரவில்லை. மூன்றரை. நாய் அவனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது. குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. அவன் பட்டையின் கொக்கியில் விரலை வைத்தான். எடுத்துவிட்டான். வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தான், அந்தச் சத்தம் கேட்காத இடத்தில்.

நாலு மணிக்குக் கார் வந்தது. பின்சீட்டு நிறையக் காலி அட்டைப்பெட்டிகள். சாமான் கட்டுவதற்காகக் கடைகடையாக ஏறி இறங்கியிருந்தாள்.

"வா, சீக்கிரம் வா, வந்து பாரு!" அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "அது குடிச்சிருக்கா சொல்லு! மோந்து பாரு!"

ஒலெட்டா விரிப்பைப் பார்த்தாள். அப்புறம் மண்டிபோட்டு நாயின் வாயில் மூக்கை வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவனுக்குத் தெரியும். குடித்துக் கிடந்த காலத்தில், டோயலும் மற்றவர்களும் வீட்டுக்கு வரும்போது, பொரிக்கும் சட்டியில் பீரை ஊற்றிப் பென்னிக்கு வைப்பான். அது தள்ளாடி நாற்காலிக் காலில் முட்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். அவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள்.

"திரும்பவும் ஊத்துனியா, பாவி?"

"பட்டைய பாரு! பட்டைய பாரு ஒலெட்டா! நான் சொன்னது இதத்தான்!"

அவள் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்து மூன்றையும் வெட்டி எறிந்தாள். நாயைப் போர்வையில் சுருட்டித் தூக்கினாள். சாவியை அவன் பக்கம் எறிந்தாள்.

"நீ ஓட்டு."

பதினாலு மாதத்தில் அவள் இருக்கும்போது அவனைக் காரை ஓட்டச் சொன்னது அதுதான் முதல் தடவை. மலைப்பாதையில் ஒரு வளைவிலும் சக்கரம் கோட்டைத் தாண்டவில்லை. கை கல்லாக நின்றது. அதை அவள் கவனித்தாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் நாயின் வாயைத் தன் பாவாடையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாய் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். கண்மணியைப் பார்த்ததுமே ஊசியை எடுத்தாள்.

"பட்டை எதுவும் போட்டிருந்தீங்களா? நீலக் கலர்ல?"

"ஆமா," என்றாள் ஒலெட்டா.

"இந்த மாசத்துல இது நாலாவது. வயல்ல பூச்சிக்கு அடிக்கிற மருந்து அது. நரம்பைப் போய்ப் பிடிக்கும். எந்தப் புண்ணியவான் இவ்வளவு அள்ளிப் போட்டானோ. பெட்டிமேல குட்டிநாய்ப் படம் வேற." கை வேலை செய்துகொண்டே இருந்தது. "எத்தனை மணி நேரம் கழுத்துல இருந்துச்சு?"

ஒலெட்டா அவனைப் பார்த்தாள்.

"காலைல இருந்து," என்றான் டெல்மர்.

"ஒண்ணுதானே?"

"மூணு."

டாக்டரின் கை ஒருகணம் நின்றது. திரும்பவும் ஓடியது. தோல் ஏன் ஈரமாக இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

ஒலெட்டா கேட்டாள்: "டாக்டர், இத ஒரு மனுசன் கால்ல கட்டிக்கிட்டு ரெண்டு வாரம் திரிஞ்சா எப்பிடி இருப்பான்?"

"யாரு கட்டுவா?"

"கட்டுவாங்க. எப்பிடி இருப்பான்?"

"எச்சில் ஊறும். கை நடுங்கும். தள்ளாடுவான். பாக்குறவங்க குடிகாரன்னுதான் நினைப்பாங்க." அவள் நிமிர்ந்து டெல்மரின் கண்ணைப் பார்த்தாள், பட்டென்று புரிந்துகொண்டவள் போல வாயை மூடினாள். "நீங்க வெளிய இருங்க சார்."

அவன் வெளியே போய்க் காரில் சாய்ந்து நின்றான். நெஞ்சு லேசாக இருந்தது. கேட்டுவிட்டாள். படித்தவள் வாயால், தன் காதால் கேட்டுவிட்டாள். நாய் பிழைத்துவிடும். ஊசி போட்டாயிற்று. நாளைக்கு அவள் அண்ணன் வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். அந்த அட்டைப்பெட்டிகளைக் கொளுத்திவிடலாம்.

ஒலெட்டா வெளியே வந்தபோது கையில் போர்வை மட்டும் இருந்தது, மடித்து. நாய் இல்லை.

"போயிருச்சு," என்றாள்.

"ஐயோ."

"நீ குடிக்கல."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சொன்னேன்ல. அன்னிக்கே சொன்னேன்ல ஒலெட்டா."

"சொன்ன. நாந்தான் நம்பல. அது என் தப்பு, எங்க வேணா சொல்லுவேன். க்ளைட்டுகிட்டயும் போய்ச் சொல்லிட்டுத்தான் போவேன்."

"போவியா? எங்க?"

அவள் கையை நீட்டினாள். அவன் புரியாமல் சாவியைக் கொடுத்தான்.

"நா வர்றதுக்கு நேரமாச்சுன்னு தெரிஞ்சும் அவுக்கல."

"அவுத்திருந்தா நீ நம்பியிருக்க மாட்ட!"

"மாட்டேன்." அவள் ஒத்துக்கொண்டாள். "தண்ணியத் தொட்டு நீதான தடவுன?"

அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"நீ பீரு ஊத்துன காலத்துல, இது அவன் இல்ல, குடிதான் இப்பிடிச் செய்யுதுன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் உங்கூட இருந்தேன். இன்னிக்கு நீ ஒரு சொட்டு குடிக்கல. தெளிவா இருந்து செஞ்சிருக்க."

"வேற எப்பிடி நிரூபிக்கிறது? நீயே சொல்லு! நா என்ன பண்ணியிருக்கணும்?"

அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். போர்வையைப் பக்கத்து இருக்கையில், நாய் உட்காரும் இடத்தில் வைத்தாள். ஜன்னலை இறக்கினாள்.

"கட்டிக்க உனக்கு ரெண்டு கால் இருந்துச்சே, டெல்மர்."

கார் போனது. அவன் வெகுநேரம் அங்கேயே நின்றான். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டும்போது அவனைப் பார்த்தாள். எங்கே போக வேண்டும் என்று கேட்கவில்லை. அவன் சாலையோரமாக நடந்தான். முழங்கால் உயரப் புல், இரண்டு பக்கமும். கொஞ்ச தூரம் போனதும் பழக்கத்தில் நின்று, குனிந்து, கால்சட்டையைத் தூக்கி உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றும் ஏறவில்லை. கொப்பளம் காய்ந்து, தோல் உரிந்து, கணுக்கால் இரண்டும் நன்றாக ஆறிக்கொண்டு வந்தன.